மூக்கு சாரும் முயல்காரியும்

வானத்துக்கு அன்று யார் மேல் கோபமோ... குடம் குடமாக அல்ல, குளம் குளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவைக் கடந்த நாய்கூட நீச்சலடித்துத்தான் எதிர்ப்பக்கம் கரையேறியது. அந்த மழையில், ஊருக்கு வெளியே இருந்த பீர் ஆலையின் வாசலில், ஒரு குட்டி வேன் இருமியது... தும்மியது... உயிரை விட்டது.

ஓட்டிவந்தவள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

'சரிதான். இன்னிக்கு நீயும் என்கூடப் பேச மாட்டியா?'

காலையிலிருந்து அவள் பேசியது ஒரு கால்நடை டாக்டரிடமும், ஒரு முயலிடமும்தான். டாக்டர் ஆம், இல்லை என்று பதில் சொன்னார். முயல் டாக்டரைக் கடித்தது.

முயல் என்றதும் உள்ளங்கைக்குள் அடங்கும் பஞ்சுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். இது தலையணைப் பருமன். முகத்தில் எந்நேரமும் கடுகடுப்பு. எதைத் தின்ன வைத்தாலும் ஒரு முறை முகர்ந்துவிட்டு, 'இதுதானா?' என்பது போலத் திரும்பிக்கொள்ளும். அதனால் அவள் அதற்கு வைத்திருந்த பெயர், மாமியார்.

எஞ்சினைப் பார்க்க ஸ்பேனர் எடுக்கலாம் என்று அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாளோ இல்லையோ... கூண்டின் கொக்கியை எப்படித்தான் தள்ளியதோ... மாமியார் ஒரே தாவு! வாசல் கம்பிக்குள் புகுந்து, ஆலை முற்றத்தில் இருந்த மலை மேல் ஏறிவிட்டது.

மலையேதான். பீர் காய்ச்சி முடித்த பார்லிச் சக்கை. தினமும் வந்து அள்ளிப்போகும் பன்றிப் பண்ணை லாரி எங்கோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால், கொட்டியது கொட்டியபடியே குவிந்து, மழையிலும் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

அவளும் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி ஏறினாள். முழங்கால் வரை புதைந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"மாமியாரே! இறங்கி வந்துடுங்க... உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்!"

மலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் குடை மெல்ல எழும்பியது. குடைக்குக் கீழே ஒரு மூக்கு. மூக்குக்குப் பின்னால்தான் மனிதன்.

"ஏங்க... உங்க மாமியாரா மேல இருக்காங்க?"

"ஆமா சார்! அந்தப் பக்கமா வளைச்சுப் பிடிங்க, ஓடிடப் போறாங்க!"

அவன் பதறிப்போய்க் குடையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். வயதான ஒரு பெண்மணியைச் சக்கைக்குள் தேடினான். உச்சியில் உட்கார்ந்து, உலகத்தையே மறந்து மென்றுகொண்டிருந்த முயலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அந்தப் பார்வை இருக்கிறதே...

அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது விழுகிறவரை அவன் மூச்சு விடவில்லை. அவளும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் கண்களைப் பார்த்தபடி நின்றாள். தேன் நிறக் கண்கள். யாரும் வந்து தட்டாத வீட்டின் சன்னல்களைப் போல, திறந்தும் காலியாகவும் இருந்த கண்கள்.

"மூக்கு சார், பார்த்து! வழுக்கும்!" என்று ஆலை வாசலிலிருந்து காவலாளி கத்தினார்.

சொல்லி முடிப்பதற்குள் வழுக்கியாயிற்று. மூக்கு சார், முயல், முயல்காரி மூவரும் ஒன்றாக உருண்டு அடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

*

காவலாளியின் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள்.

"அதென்ன சார் மூக்கு சார்?"

அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "மோந்து பார்க்கறதுதான் என் வேலை. பீர் வெளியே போறதுக்கு முன்னாடி ஏதாவது கோளாறு இருக்கான்னு மோந்து சொல்லணும்."

அவன் அடக்கமாகச் சொன்னான். உண்மை என்னவென்றால், எறும்பு கொட்டாவி விட்டால் காலையில் அது எந்தக் கடைச் சர்க்கரை தின்றது என்று சொல்லிவிடும் மூக்கு அது. அந்த மூக்குக்காக அவன் வாசனைச் சோப்புப் போட மாட்டான். தலைக்கு எண்ணெய் கிடையாது. வெங்காயம் கிடையாது. அவன் அறையில் ஒரு மணமும் இல்லை; வேறு மனுஷரும் இல்லை. அவனிடம் பேச வருகிறவர்கள் ஓர் அடி தள்ளியே நிற்பார்கள்... இவன் நம்மை மோந்துவிடுவானோ என்ற பயம். சிலர் வாயைக் கையால் மூடிக்கொண்டே நலம் விசாரிப்பார்கள்.

இவள் மட்டும் தோளோடு தோள் உரச நின்று, தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன சார், இப்படி விழுந்து விழுந்து திங்குது? எதையும் லேசுல தொடாது."

"பார்லி மால்ட்தாங்க, முளைகட்டி வறுத்த பார்லி. அதுல இருக்கற இனிப்பை மட்டும் நாங்க கரைச்சு எடுத்துக்குவோம். புரதம், நார் எல்லாம் இந்தச் சக்கையிலதான் தங்கியிருக்கு."

"வளர்ற குட்டிங்களுக்குக் கொடுக்கலாமா?"

"முயல் பத்தி எனக்குத் தெரியாதே... உங்க மாமியாரையே கேளுங்க." அவன் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தான். "மால்ட் வாசம் ஆளையே தூக்குதுல்ல? அப்பதான் அடுப்பிலேருந்து எடுத்த பிஸ்கட் மாதிரி..."

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"ம்... தூக்குது."

பொய். சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய வாசனைகளை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உலகம் கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறது. மழை வெறும் ஈரம். சோறு வெறும் சூடு.

இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக, அண்ணனிடம். நல்ல அண்ணன்தான்... அதுதான் சிக்கலே. முயல் கொட்டகையின் குத்தகை அவன் பேரில். "பொம்பளப் புள்ள தனியா இருந்து என்ன சாதிக்கப் போற? வீட்டுக்கு வா, உங்க அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று வாரம் தவறாமல் போனில் அழைக்கும் அன்பு. தீவன விலை ஏறியதும் அன்பு இன்னும் ஏறியது. "இந்தத் தடவை குட்டிங்க நல்லா தேறலைன்னா கொட்டகையைப் பூட்டிட்டு வந்துடணும், சரியா பாப்பா?" என்று சத்தியமே வாங்கிவிட்டான். இதில் மூக்கும் வேலை செய்யாது என்று தெரிந்தால்? மறுநாளே லாரி கொண்டுவந்து அவளை, கட்டிலை, மாமியாரை எல்லாம் ஏற்றிவிடுவான். அங்கே நல்ல சோறு கிடைக்கும், நல்ல மெத்தை கிடைக்கும்... சொந்தமாக ஒரு சாவி மட்டும் கிடைக்காது.

"சார், எனக்கு இந்தச் சக்கை கிடைக்குமா?"

"மலையே உங்களுக்குத்தான்," என்றான் மூக்கு சார். ஆலையையே எழுதிக் கொடுக்கிற குரலில்.

*

கொட்டகையில் அவள் குட்டிகளை இரண்டாகப் பிரித்தாள். பால் மறந்து தீவனத்துக்கு வந்த வயது. கண்ணெதிரே வளர்கிற வயது. இடப்பக்கக் கூண்டுகளுக்கு வழக்கமான தீவனம். வலப்பக்கக் கூண்டுகளுக்குத் தீவனத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பிழிந்து உலர்த்திய சக்கை. இரண்டு பக்கத்துக்கும் வயிறு முட்ட வைக்கோல். ஒரேயடியாகக் கொட்டாமல் முதலில் ஒரு சிட்டிகை, அப்புறம் ஒரு பிடி என்று ஏற்றிக்கொண்டே போனாள். அதில் அவள் கெட்டி.

ஞாயிற்றுக்கிழமை எடை போடும் நாள். ஆலைக்கு விடுமுறை நாள். சக்கை டிரம்மோடு மூக்கு சார் வந்துவிடுவான். "குட்டிங்க எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போலாம்னு..." என்று ஒவ்வொரு வாரமும் அதே வாக்கியத்தை, புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்வான்.

தராசில் வைத்த குட்டி ஒரு நொடி நிற்காது. துள்ளும். முள் ஆடும்.

"கண்ணைப் பொத்துங்க சார். கண்ணைப் பொத்தினா அடங்கிடும்."

அவன் உள்ளங்கையைக் குட்டியின் முகத்தில் குவித்தான். கீழே ஏற்கெனவே அவள் கை இருந்தது. குட்டி அடங்கிவிட்டது. கைகள் இரண்டும்தான் அங்கேயே ஒட்டிக்கொண்டன.

"எவ்வளவு காட்டுது?" என்றாள் அவள்.

"எது?"

"தராசு சார்!"

"ஓ... அது... நான் பார்க்கலையே."

அதே குட்டியை மறுபடி நிறுத்தார்கள். மறுபடியும் நிறுத்தார்கள். அத்தனை முறை எடை பார்க்கப்பட்ட முயல் இந்தப் பூமியில் வேறு இருக்க முடியாது.

எடை முடிந்ததும் டீ. அவளிடம் அதுவரை ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான். அவனுக்காக இரண்டாவது டம்ளர் வாங்கியிருந்தாள். கடைக்காரர், "ஒத்தையா எதுக்கும்மா, செட்டா எடுத்துக்கோங்க" என்றபோது அவள் காது வரை சிவந்துபோனது கடைக்காரருக்கு விளங்கவில்லை.

மூக்கு சார் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"அடடா! பாலை லேசா அடிப்பிடிக்க விட்டிருக்கீங்க... வேணும்னேதானே?"

அவள் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆ... ஆமா. வேணும்னேதான். எங்க வீட்டுப் பக்குவம்."

"நாங்க மால்ட்டுக்குப் புகை போடறதுக்குன்னே தனி அடுப்பு கட்டியிருக்கோம். நீங்க சாதாரண அடுப்புல சாதிச்சிட்டீங்களே! இன்னொரு டம்ளர் கிடைக்குமா?"

காதல் வந்தால் கண் போகும் என்பார்கள். இங்கே அவ்வளவு பெரிய மூக்கே போய்விட்டது.

அவன் போன பிறகு அவள் பாத்திரத்துக்குள் தலையை விட்டு ஆழமாக மூச்சு இழுத்தாள். ஒன்றுமில்லை. வழக்கம் போலச் சுத்தமான, குளிர்ந்த ஒன்றுமில்லை. இரண்டு டம்ளர்களையும் கழுவி அருகருகே கவிழ்த்து வைத்தாள். பிறகு விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

அடுத்த வாரம் வெயில் என்பதே இல்லை. சக்கையை உலர்த்த வழியில்லாமல் ஈரத்தோடு டிரம்மில் வைத்திருந்தாள். மூக்கு சார் முன்பே எச்சரித்திருந்தான். "ஈரச் சக்கை ரெண்டு நாள் தாங்காதுங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க. புளிச்ச வாடை வந்தா தொடவே தொடாதீங்க."

"சரிங்க" என்று அப்போதும் தலையாட்டியிருந்தாள்.

ஆலை வண்டி புதுச் சக்கை கொண்டுவந்தபோது, அடியில் மிச்சம் கிடந்த பழையதன் மேலேயே கொட்டச் சொன்னாள். மேலே பார்வைக்குப் பொன் நிறம். அடியில் புளிப்பு ஊறி, பூஞ்சை கட்டி, மெல்ல மெல்ல மேலே ஏறியது. மாமியாருக்கு வைத்தபோது அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அது எப்போது திரும்பாமல் இருந்தது? அவள் கவனிக்கவில்லை. குட்டிகளுக்குக் கவனிக்கத் தெரியவில்லை. வளர்கிற வயது... வயிறுதான் பெரிசு.

விடிந்தபோது வலப்பக்கக் கூண்டுகளில் சத்தமில்லை. குட்டிகள் மூலையில் சுருண்டு, வயிறு பறை போல உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் சக்கையை எல்லாம் வழித்தெடுத்தாள். வைக்கோலும் தண்ணீரும் மட்டும் வைத்தாள். ஒவ்வொன்றாக மடியில் போட்டு வயிற்றை நீவிவிட்டாள். எல்லாவற்றிலும் சின்னது, ஒரு காது மடிந்தது, அவள் மடியிலேயே கால்களை ஒரு முறை நீட்டிவிட்டு அசையாமல் போனது.

போனை எடுத்தாள். "என்ன சார் அனுப்பினீங்க? என் குட்டிங்க செத்துட்டிருக்கு!"

அவன் வேலையைப் போட்டது போட்டபடி வந்தான். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஏங்க... இது தெருமுனையிலேயே அடிக்குதே! அடியில கிடந்தது அப்படியே அழுகியிருக்கு. மூக்குன்னு ஒண்ணு இருக்கறவங்க யாராவது இதை அள்ளிப் போடுவாங்களா?"

பதற்றத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் முகத்திலிருந்து வெளிச்சம் முழுக்க வடிந்துபோயிற்று. மடியில் அந்தக் குட்டி இன்னும் இருந்தது.

"போயிடுங்க."

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"போயிடுங்க சார். உங்க சக்கை வேணாம். நீங்களும் வேணாம்."

*

மோந்து பார்க்கும் அறையில் ஆளுக்கொரு தடுப்பு. பக்கத்தில் இருப்பவரின் முகச் சுளிப்புகூடத் தெரியக் கூடாது என்று நடுவில் பலகை. பேசக் கூடாது. சிறு சிவப்பு விளக்கு. எதிரே கண்ணாடிக் குவளை. மூக்கு சாரின் வாழ்க்கையே அந்தப் பெட்டிக்குள்தான் கழிந்திருந்தது. அவன் தேடியதெல்லாம் கோளாறு. கோளாறு கண்டால் பாராட்டு. காணாவிட்டால் அடுத்த குவளை.

சில நாள் கழித்து, அங்கே மூன்றாவது குவளையை முகர்ந்ததும், 'தீய்ந்த வாடை' என்ற பொத்தானை அழுத்தினான். விரல் அப்படியே நின்றது.

தீய்ந்த வாடை. இதைத்தானே வாரா வாரம் 'அடடா' என்று சப்புக்கொட்டிக் குடித்தான்?

'எங்க வீட்டுப் பக்குவம்...'

சொல்வதற்கு முன் அவள் கண்கள் எங்கே போயின? அவன் முகத்துக்கு. எப்போதும் அப்படித்தான். எதன் வாசம் என்று கேட்டாலும் அவன் முகத்தைப் படித்துவிட்டுத்தான் பதில். வைக்கோல் நனைந்து வீசியபோது மூக்கைச் சுளிக்கவில்லை. தன்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்கவில்லை... நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

'மூக்குன்னு ஒண்ணு இருக்கறவங்க...'

"கடவுளே," என்றான் சத்தமாக. பலகைகளுக்கு அப்பாலிருந்து எல்லாத் தலைகளும் எட்டிப் பார்த்தன. அந்த அறை கட்டிய நாளிலிருந்து அங்கே கேட்ட முதல் வார்த்தை அது. அவன் எழுந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மழையில் ஓடினான்.

*

கொட்டகையில் அண்ணன் நின்றிருந்தான். சேதி கேட்டு வந்துவிட்டான். அவன் வந்தாலே வாசல் அடைத்துக்கொள்ளும்; அவ்வளவு அகலம், அவ்வளவு பாசம்.

"நீ பேசாம இரு பாப்பா. கெட்டுப்போனதைத் தலையில கட்டியிருக்கான். அந்த ஆலையில போய் நான் போடற சத்தத்துல பாட்டில் எல்லாம் உடையணும்!"

"அண்ணா, வேணாம்..."

"ஏன் வேணாம்? அவன் மேல தப்பு இல்லைன்னா அப்ப உன் மேல தப்பா? கெட்டது தெரியாமலா போட்ட?"

அவள் கொட்டகைச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றால் இந்தச் சாவி போய்விடும்.

"தப்பு என் மேலதாங்க."

மூவரும்... மாமியாரையும் சேர்த்து... திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மூக்கு சார். வெள்ளைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"புளிச்ச சக்கையை நான்தான் கவனிக்காம அனுப்பிட்டேன். என் மூக்கு ஏமாத்திடுச்சு. ஆலையிலயும் நானே சொல்லிடறேன். அவங்களைத் திட்டாதீங்க."

அவள் விறைத்துப்போனாள். மூக்கால் பிழைக்கிற மனிதன், என் மூக்கு ஏமாற்றிவிட்டது என்கிறான். இதை அவன் ஆலையில் சொன்னால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர். ஏன்? அவன் கண்களைப் பார்த்தாள். புரிந்தது.

தெரிந்துவிட்டது இவனுக்கு. தெரிந்துதான் பொய் சொல்கிறான்.

பேசாமல் இருந்தால் போதும். அண்ணன் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவான். சாவி இருக்கும். கொட்டகை இருக்கும்...

"பொய்," என்றாள். குரல் பிசிறடித்தது. "அவர் அனுப்பினது நல்ல சக்கை. பழசு மேல புதுசைக் கொட்டினது நான். அழுகினதைப் போட்டது நான். எனக்கு வாசனை தெரியாதுண்ணா. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அன்னியிலேருந்து... எதுவுமே தெரியாது."

அண்ணன் அவள் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தான்.

"எதுவுமேவா?" என்றான் அண்ணன்.

"எதுவுமே."

"அப்ப... உங்க அண்ணி சமையலை நீ மட்டும் பிரமாதம் பிரமாதம்னு சொல்லுவியே?"

"அதனாலதாண்ணா சொன்னேன்."

அண்ணனின் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முக்காலி பிழைத்தது அதிசயம்.

"கேஸ் கசிஞ்சா என்ன பண்ணுவ?"

"கரண்ட் அடுப்புதான் வச்சிருக்கேன்."

"தீப்பிடிச்சா?"

"மேல பாரு. புகை வந்தா கத்தற மெஷின்."

"அது ஏதோ அழகுக்கு மாட்டியிருக்கேன்னு நெனச்சேன்..." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவ."

"ஆமா, போவேன்தான்!"

"அதான் சொல்லல. அங்க வந்தா நான் உன் தங்கச்சியா இருக்க மாட்டேன்ணா. தோத்துப்போய் வந்தவளா இருப்பேன். ஒரு குட்டியைக் கொன்னுட்டேன். மத்ததெல்லாம் பிழைச்சிடுச்சு. நான் பார்த்துப் பிழைக்க வச்சேன். அதையும் கணக்குல எடுத்துக்கோ."

அண்ணன் எழுந்து போய் வலப்பக்கக் கூண்டிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கினான். வாழை இலையைத் தூக்குவது போல அவ்வளவு பதமாக. தராசில் வைத்தான். இடப்பக்கக் குட்டி ஒன்றையும் வைத்தான். மறுபடி வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். நோயில் படுத்து எழுந்த குட்டிகள், விலை கொடுத்து வாங்கிய தீவனத்தைத் தின்ற குட்டிகளுக்குத் தோளோடு தோள் நின்றன.

"ம்..." என்றான். "சத்தியம் வாங்கினது தேறலைன்னாதானே? இது தேறியிருக்கே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் போன் பண்ணணும். நான் பண்றதில்ல, நீ." பிறகு மூக்கு சாரிடம் திரும்பினான். "அது சரி சார்... செய்யாத தப்பை நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

மூக்கு சார் தரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மாமியாரைப் பார்த்தான்.

அண்ணன் அவனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். "ஓகோ..." என்று மெதுவாக இழுத்தான். "மழை விட்டதும் கிளம்பறேன்னு இருந்தேன். பரவாயில்ல, விடாமலே கிளம்பறேன்."

*

இருவரும் கொட்டகையின் வாசலில் நின்றார்கள். கூரை விளிம்பிலிருந்து மழை ஒரு திரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது... மூக்கு இருக்கறவங்க..." அவன் தொடங்கினான்.

"உங்களுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருக்கணும். தீய்ஞ்ச டீயைக் குடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டவன் நான்."

"தீய்ஞ்சா இருந்துச்சு?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஒரு தடவை மட்டும் கரியா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். வெகு நாளாகத் திறக்காத கதவு போல, அந்தச் சிரிப்பு கொஞ்சம் கிறீச்சிட்டுத்தான் வந்தது.

"நேத்து ஒண்ணு கண்டுபிடிச்சேன் சார். நல்லா ஆற வச்ச சக்கைக்குள்ள கையை விட்டா சில்லுன்னு இருக்கும். கெடுறதா இருந்தா உள்ளுக்குள்ள மறுபடி சூடாகுது. கைக்கே தெரியுது. இனிமே டிரம்மைக் கழுவிக் கவுத்திட்டுத்தான் புதுசு போடுவேன்."

"அப்ப..." அவன் குரல் இறங்கியது. "என் மூக்கு உங்களுக்குத் தேவைப்படாது."

"சக்கைக்குத் தேவைப்படாது."

அவள் அவனைப் பார்க்காமல் மழையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத்தான்... ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும். இன்னிக்கு வைக்கோல் எப்படி இருக்கு, குட்டி எப்படி இருக்குன்னு பக்கத்துல நின்னு யாராவது சொன்னா... நான் நெனச்சுப் பார்த்துக்குவேன். உங்க வாசனை எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப்போறதில்ல. அது உங்களுக்குப் பரவாயில்லைன்னா..."

பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சார்?"

"பரவாயில்லைங்க," என்றான். அந்த ஒரு வார்த்தை தொண்டையைவிட்டு வெளியே வருவதற்குள் வழியில் நான்கு இடத்தில் தடுக்கி விழுந்தது. "எங்கிட்ட யாரும் பக்கத்துல வந்து நின்னதே இல்ல. மலை மேல உங்களைப் பார்த்த அன்னிக்கே... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிடுச்சு. சொல்லத் தெரியாம டிரம் டிரம்மாச் சக்கை அனுப்பினேன்."

அவள் திரும்பவில்லை. ஆனால் ஓர் அடி நகர்ந்து வந்தாள். தோளோடு தோள் பட்டது.

"சரி... இன்னிக்கு உண்டானது சொல்லுங்க. மழை எப்படி இருக்கு?"

மூக்கு சார் நிமிர்ந்து நின்றான். வழக்கம் போலக் கண்ணை மூடினான். ஆழமாக மூச்சை இழுத்தான். நெற்றி சுருங்கியது. மறுபடி இழுத்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே தெரியலங்க..." அவன் திகைத்தான். "அடைச்சிருக்கு."

"சளியா?"

"இல்ல..."

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். தேன் நிறக் கண்கள் சிவந்து, கன்னம் முழுக்க நனைந்திருந்தது. கூரைக்கு உள்ளே மழை பெய்யவில்லை.

"எவ்வளவு நேரமா அழறீங்க?"

"உங்க அண்ணன் முக்காலியில உட்கார்ந்ததிலேருந்து..."

அவள் தாவணி முனையை எடுத்து, ஊரிலேயே பெரிய அந்த மூக்கைக் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம். வாங்க, டீ போடறேன்... நீங்க அடுப்புப் பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க."

"இந்த மூக்கை வச்சுக்கிட்டு நான் நின்னாலும் தீயுங்களே!"

"தீயட்டும்," என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள் முயல்காரி. "இன்னிக்கு ரெண்டு பேருக்குமே தெரியாது."